வயிறு ஏன் வெந்துபோகல என்று கேட்ட மகனுக்கு

அன்புள்ள தம்பி,

நீ ஏழாம் ஆண்டில் படித்தபோது வகுப்பில் எழுந்து நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். வீட்டில் அப்பா, பள்ளிக்கூடத்தில் சேர் என்று நாம் இருவரும் வைத்துக்கொண்டிருந்த ஒழுங்கு உனக்கு நினைவிருக்கும். அன்று உணவு சமிபாடு பாடம். இரைப்பையில் அமிலம் சுரக்கிறது, அது இறைச்சியைக்கூடக் கரைத்துவிடும் என்று நான் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். நீ கையை உயர்த்தினாய். "சேர், ஸ்டோர்ல ரப்பர் பால ஒறைய வைக்கிற ஆசிட் மேல பட்டா தோல் உரிஞ்சு போகுது. ராமையா மாமா கால்ல பட்டு எம்புட்டு நாளு நொண்டுனாரு. வயித்துக்குள்ளயும் ஆசிட்டுங்கிறீங்க. அப்ப வயிறு ஏன் வெந்துபோகல?" வகுப்பே சிரித்தது. "ஒங்கம்மா சம்பலுக்குப் போடுற கொச்சிக்காய்க் காரத்த தின்ன வயிறுடா, அத எந்த ஆசிட்டு வேகவைக்கும்?" என்று பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. நானும் சிரித்துவிட்டேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று உன்னை உட்காரவைத்தேன். பாடப்புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. மறுநாள் சிறுகுடலைத் தொடங்கினேன். நீயும் மறுபடி கேட்கவில்லை.

அந்தப் பதிலை இன்று எழுதுகிறேன். தை மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தகப்பன் மகனுக்கு எழுத வேண்டிய கடிதம் வேறு விதமாக இருக்கும் என்று நீ நினைத்திருப்பாய். பொண்டாட்டியிடம் குரலை உயர்த்தாதே, மாமனார் வீட்டில் அதிக நாள் தங்காதே என்பதெல்லாம் உனக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்ன ஒரு விஷயம் இந்த வாரம் முழுவதும் என் கூடவே நடந்து வருகிறது. சாப்பிட உட்கார்ந்தால் அதுவும் பக்கத்தில் உட்காருகிறது.

நீ வாங்கித் தந்த கைத்தொலைபேசிக்கு, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்துப் பக்கம் போனால்தான் சிக்னல் கிடைக்கிறது. அன்றைக்கும் அங்கேதான் நின்றேன். "அப்பா, வயித்து வலி சுத்தமா நின்னுருச்சு. மாத்திர பாதிதான் குடிச்சேன். மிச்சத்த ரூம்ல இருக்கிற ரவிக்குக் குடுத்துட்டேன். அவனுக்கும் அதே எரிச்சல், பாவம், ராத்திரியெல்லாம் சுருண்டு கெடக்கிறான். நம்ம அம்மா மாதிரியே செஞ்சிட்டேன்ப்பா" என்றாய். உன் குரலில் சந்தோஷம் இருந்தது. நான் "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்பாவுக்கு என்ன கோபம் என்று நீ யோசித்திருப்பாய். கோபம் இல்லை. எனக்குப் பக்கத்தில் விறகுக் கட்டை இறக்கிவைத்துவிட்டு, உன் குரலைக் கேட்க ஆசைப்பட்டு, பக்கத்து வீட்டு உன் பாக்கியம் சித்தி நின்றுகொண்டிருந்தாள். "என்னங்க சேர், கல்யாண மாப்ள என்னா சொல்லுது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அவள் காது கேட்க உனக்கு நான் என்ன சொல்லியிருக்க முடியும்?

உன் அம்மா மாத்திரையைப் பங்கு போட்ட கதை உனக்குத் தெரியும். ஆனால் நீ தெரிந்து வைத்திருப்பது முன்பாதி மட்டும். நம் வீட்டிலும் லயத்து வீடுகளிலும் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொன்னது அந்த முன்பாதியைத்தான். நானும் அதைத்தான் சொன்னேன். பின்பாதியைச் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை.

உன் அம்மாவுக்கு வயிற்றெரிச்சல் தொடங்கியது எப்போது என்று அவளுக்கே தெரியாது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் வெறும் தேயிலைச் சாயத் தண்ணீரைக் குடித்துவிட்டு விடியுமுன் மலைக்கு ஏறுவார்கள். மரம் மரமாக வெட்டி முடித்து, பாலைச் சேர்த்துத் தூக்கிவந்து நிறுத்துக் கொடுத்த பிறகுதான் ரொட்டி. நடுவில் வயிறு எரிந்தால் பசி என்று நினைத்துக்கொள்வார்கள். லயத்தில் வயிற்று வலிக்கு ஒரே மருந்து தோட்டத்து மருந்துக்கார ஐயா தருகிற வெள்ளை மருந்து. ஒரு வீட்டுக்குப் போத்தல் வந்தால் அது லயத்துக்கே வந்த மாதிரி. அடுப்புக்கு நெருப்புக் கேட்பதுபோல, "அக்கா, வெள்ள மருந்து ஒரு மூடி குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போவார்கள். இல்லை என்று சொன்ன வீட்டை நான் பார்த்ததில்லை. எட்டுக் குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பீலியில் தண்ணீர் பிடித்து வாழ்ந்த இடத்தில் கொடுக்காமல் இருப்பது எப்படி என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பழக்கம்தான் நம்மை இத்தனை காலம் உயிரோடு வைத்திருந்தது. ஆகையால் அதைக் குறை சொல்லி எழுதுகிறேன் என்று நினைக்காதே. எது அந்தப் பழக்கத்துக்குள் அடங்காது என்பதை மட்டும் சொல்லப் பார்க்கிறேன்.

நீ கொழும்புக்கு வேலைக்குப் போன சில மாதங்களில் அவளுக்கு மலம் கறுப்பாகப் போகத் தொடங்கியது. கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, இரைப்பையில் புண் இருக்கிறது, அங்கே ஒரு பக்டீரியாவும் இருக்கிறது என்றார்கள். மூன்று வகை மாத்திரைகளைக் கடதாசி உறைகளில் போட்டு, எல்லாவற்றையும் குடித்து முடிக்க வேண்டும், வலி நின்றாலும் நிறுத்தக்கூடாது என்று தாதி சிங்களத்தில் சொன்னாள். உன் அம்மா என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுகிறவள். "ஹரி மிஸ், ஹரி" என்று சரி சொல்லித் தலையாட்டினாள். அவளுக்கு விளங்காமல் இல்லை. இதை நீ கவனிக்க வேண்டும். விளங்காமல் செய்த பிழை என்றால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

வலி சீக்கிரமே நின்றுவிட்டது. அந்த வாரக் கடைசியில் பாக்கியம் வாசலில் வந்து குந்தினாள், வயிற்றை முழங்கையால் அமுக்கிப் பிடித்தபடி. முகம் வெளுத்திருந்தது. உன் அம்மா உள்ளே போனாள், உறைகளை எடுத்து வந்தாள், மாத்திரைகளைச் சுளகில் கொட்டினாள். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி நிறம் நிறமாகப் பிரித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "முழுசா முடிக்கணும்னு சொன்னாங்களே" என்றேன்.

"எனக்குத்தான் வலி விட்டுப்போச்சே. வலி இல்லாதவளுக்கு மாத்திர எதுக்கு? வலியோட ஒருத்தி வாசல்ல குந்தியிருக்கா, நான் உள்ளுக்க வச்சுப் பூட்டிக்கவா?"

"ஆஸ்பத்திரியில கேட்டா என்னா சொல்லுவ?"

"நீங்க போய்ச் சொல்லாம இருந்தாச் சரி. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கதான் ஒங்களுக்குப் பயப்படணும், மாத்திரயும் பயப்படணுமா?"

பாக்கியம் அந்த வலியிலும் சிரித்தாள். "அக்கா, ஒங்களுக்கு இல்லாமப் போயிரும்" என்றாள். "போனாப் போகுது, நீ முந்தானையப் புடி" என்று உன் அம்மா பாதியை அவள் முந்தானையில் போட்டாள். நான் தடுக்கவில்லை. பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த வாரம் வகுப்பில் பகிர்ந்துண்ணுதல் பற்றிப் பேசும்போது பெயர் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னேன். நீ விடுமுறைக்கு வந்தபோது உனக்கும் சொன்னேன். அம்மா மாதிரிச் செய்தேன் என்று நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னாயே, அந்தப் பாடத்தை உனக்கு நடத்தியவன் நான்தான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வயிறு ஏன் வெந்துபோகவில்லை? இதைப் பின்னாளில் கேகாலையில் ஒரு இளம் டொக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் வாத்தியார் என்று தெரிந்ததும் ஒரு கடதாசியை எடுத்துப் படமே போட்டுவிட்டார். இரைப்பையின் உட்சுவரில் உள்ள கலங்கள், அதாவது செல்கள், வழுவழுப்பான ஒரு சீதத்தைச் சுரந்து தங்கள் மேல் பூசிக்கொள்கின்றனவாம். அந்தப் பூச்சுக்குள் அமிலத்தை முறிக்கிற காரமும் கலந்திருக்கும். உள்ளே அமிலம் குளமாக நிற்கும். சுவரை அது தொடாது. தொட்டுக் கெட்டுப்போகிற கலங்களைச் சில நாட்களுக்குள் புதிய கலங்கள் வந்து மாற்றிவிடும். ரப்பர் மரத்தை நினைத்துக்கொள். பட்டையைச் சீவினால் பால் வழிகிறது, கொஞ்ச நேரத்தில் அதுவே வெட்டுக்காயத்தின் மேல் உறைந்து படலமாக மூடிக்கொள்கிறது. சரியாக வெட்டினால் பட்டை திரும்ப வளரும். கத்தி ஆழமாகப் போய் மரத்தில் பட்டுவிட்டால், அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். அதில் பிறகு ஒழுங்காகப் பால் வெட்ட முடியாது. இரைப்பையும் அப்படித்தான். பூச்சு இருக்கும்வரை அமிலம் நமக்கு வேலைக்காரன். பூச்சு போனால் அது ராமையா மாமாவின் காலில் பட்ட ஆசிட்.

அமிலம் இருக்கிற இடத்தில் கிருமி பிழைக்காது என்றுதான் நானும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். பெரும்பாலானவை பிழைக்காது. ஆனால் இந்த ஒரு பக்டீரியா, புரி போட்ட ஆணி மாதிரி முறுக்கிய உடம்பு கொண்டது, வாலை அடித்துக்கொண்டு நீந்தும். இரைப்பையில் இருக்கிற யூரியாவை உடைத்து அமோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றி அமிலம் முறிந்துபோன ஒரு சின்ன இடத்தைச் செய்துகொள்ளும். அந்த மறைவில் சீதப் படலத்தைத் துளைத்து அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நம்மைப் பாதுகாக்கிற பூச்சையே தனக்குக் கூரையாக்கிக்கொள்கிறது. டொக்டர் இதைச் சொன்னபோது உன் அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். "வாடகையும் குடுக்காது, பேரும் பதியாது, நம்ம லயத்துலயும் இப்பிடி ரெண்டு பேரு இருக்காங்க" என்று என் காதில் சொன்னாள். என்ன சொல்கிறார் என்று டொக்டர் கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன். அவரும் சிரித்துவிட்டார்.

உடம்பு சும்மா இருக்காது. சுவரின் கலங்கள் ஆபத்து என்று குரல் கொடுக்கும். இரத்தத்திலிருந்து வெள்ளைக் கலங்கள் கூட்டமாக வந்து இறங்கும். ஆனால் கிருமி இருப்பது சீதத்துக்குள். வந்தவர்கள் நிற்பது சுவருக்குள். முழுதாக எட்டிப் பிடிக்க முடிவதில்லை. பிடிக்க முடியாத கோபத்தில் வெள்ளைக் கலங்கள் கக்குகிற நச்சுப் பொருள்கள் நம் சொந்தச் சுவரைத்தான் புண்ணாக்குகின்றன. இதைக் கேட்டதும் எனக்குத் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட் களவு போன சம்பவம் ஞாபகத்துக்கு வந்தது. உனக்கும் நினைவிருக்கும். காவல்காரர்கள் லயத்தில் புகுந்து வீடு வீடாகக் கிளறினார்கள். அரிசிப் பானை, துணி மூட்டை, சாமிப் படம், ஒன்றையும் விடவில்லை. அடுப்பைக்கூட இடித்தார்கள். பாக்கியம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஐயா, அம்மிக் கல்லையும் பொரட்டிப் பாருங்க, அதுக்கு அடியிலதான் ஒரு ரப்பர் மரத்தையே ஒளிச்சு வச்சிருக்கேன்" என்று கத்தினாள். ஷீட் கிடைக்கவில்லை. கடைசியில் பார்த்தால் களவெடுத்தவன் அந்தக் காவல்காரர்களில் ஒருவன். எல்லோரோடும் சேர்ந்து தேடினான், "இந்தப் பக்கம் ஒண்ணுமில்ல, போவோம்" என்று முன்னால் நின்று சொன்னவனும் அவனே. தேடல் நின்றது, இடிந்த அடுப்புகள் அப்படியே கிடந்தன.

இந்தக் கிருமிக்கும் அந்தச் சாமர்த்தியம் உண்டு. உடம்பின் காவல் வழக்கமாகக் கிருமிகளின் வால்களை வைத்து அடையாளம் காணும். இதன் வாலின் அமைப்பு கொஞ்சம் வேறு. காவல் அதைச் சரியாகக் கண்டுகொள்ளாது. அது கக்குகிற ஒரு நஞ்சு, எதிர்த்து நிற்க வேண்டிய கலங்கள் பெருகுவதைத் தடுக்கிறது. போதும், அமைதியாக இருங்கள் என்று மற்றவற்றை அடக்குகிற ஒரு வகைக் கலம் நம் உடம்பிலேயே உண்டு, சண்டை எல்லை மீறாமல் இருக்க. அந்தக் கலங்களையும் இது தன் பக்கம் அதிகமாக வரவைத்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் மலையில் அட்டை கடிக்குமே, கடித்தது தெரியுமா? தெரியாது. காலில் இரத்தம் வழிந்த பிறகுதான் பார்ப்போம். அட்டை இரத்தத்தை உறையவும் விடாது. அதுபோல இதுவும் காவலை முழுதாகத் தூங்கவைக்காமல், முழுதாக விழிக்கவும் விடாமல் அரைமயக்கத்தில் வைத்திருக்கிறது. அதனால் சண்டை வெல்வதும் இல்லை, ஓய்வதும் இல்லை. வருடக்கணக்காகச் சுவரில் சிறு நெருப்பு கனன்றுகொண்டே இருக்கிறது. பலருக்கு அது வெளியில் தெரியாமலே வாழ்நாள் போய்விடும். சிலருக்குப் பூச்சு மெலிந்து புண் வரும். வெகு சிலருக்கு, காயம் பட்டு ஆறி, பட்டு ஆறி, புதிதாக முளைக்கிற கலங்கள் முளைக்கிற முறையையே மறந்துவிடும்.

உன் அம்மா அந்த வெகு சிலரில் ஒருத்தி.

மாத்திரையைப் பிரித்துக் கொடுத்த பிறகு சில வருடங்கள் அவள் நன்றாகத்தான் இருந்தாள். எரிச்சல் வந்தபோது வெள்ளை மருந்து குடித்தாள். பிறகு சோறு இறங்கவில்லை. நாங்கள் திரும்பக் கேகாலைக்குப் போனபோது புற்றுநோய் முற்றியிருந்தது. அந்தப் பயணத்தில்தான் அந்த இளம் டொக்டர் எனக்குப் படம் போட்டுக் காட்டினார். முந்திய மருந்தை முழுதாகக் குடித்தீர்களா என்று கேட்டார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னை முந்திக்கொண்டு, பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன் என்று அவரிடம் சிங்களத்தில் சொன்னாள், சீனி கொடுத்தேன் என்பதுபோல. அவர் ஏசவில்லை. பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

அவளை வெளியில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் திரும்பப் போய்க் கேட்டேன்: முழுதாகக் குடித்திருந்தால் இது வந்திருக்காதா? அவர் சொன்னதை அப்படியே உனக்குத் தருகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. "அதை நான் நிச்சயமாகச் சொல்ல முடியாது மாஸ்டர். குடித்திருந்தாலும் வந்திருக்கலாம். ஆனால் வருவதற்கான வாய்ப்பு குறைந்திருக்கும்." இந்தப் பதிலோடுதான் நான் இத்தனை வருடமாக இருக்கிறேன். ஆம் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். இரண்டும் கிடைக்கவில்லை. கணக்குப் பாடத்தில் விடை வராத கணக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று நினைத்திருந்தவன் நான்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதில், ஒரே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறதாம். வாய் வழியாக, அழுக்குத் தண்ணீர் வழியாக. எந்த வழி என்று உறுதியாகத் தெரியாதாம். நீ கைப்பிள்ளையாக, வேலைக்குப் போகிற அம்மாமாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் கிடந்தபோது, உன் அம்மா பால் வெட்டிவிட்டு ஓடி வருவாள். ரொட்டியைத் தன் வாயில் மென்று பதமாக்கி உன் வாயில் வைப்பாள். காம்பராவில் எல்லா அம்மாமாரும் அப்படித்தான். உனக்கு எரிச்சல் என்று கேள்விப்பட்டதும் உன்னைத் திரும்பத் திரும்ப டொக்டரிடம் போகச் சொன்னது அதனால்தான். கிருமி இருக்கிறது என்று அவர்கள் சொன்னபோது நீ அதைச் சளிக் காய்ச்சல் மாதிரி எடுத்துக்கொண்டாய். நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் பிறக்கும். நீ மென்று ஊட்டாமல் கையால் பிசைந்து ஊட்டு. உன் மனைவிக்கும் பக்குவமாகச் சொல். அம்மா செய்தது பிழை என்று அந்தப் பெண்ணிடம் சொல்லாதே. அம்மாவுக்குத் தெரியாது, நமக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசி நாட்களில் பாக்கியம்தான் அவளைக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்டாள். வேலைக்குப் பெயர் கொடுக்காமல் வந்து இருந்தாள். ஒரு மத்தியானம் கஞ்சியைக் கரண்டியில் வைத்துக்கொண்டே அழத் தொடங்கிவிட்டாள். "அக்கா, அன்னைக்கு நான் ஒங்க வாசல்ல வந்து குந்தாம இருந்திருந்தா ஒங்களுக்கு இப்பிடி ஆகியிருக்காதுல்ல. என் வயித்துக்குக் குடுத்துத்தான ஒங்க வயிறு இப்பிடிப் போச்சு."

"சும்மா இரு பாக்கியம். குடுத்தத நெனச்சு எவளாவது அழுவாளா? அத விடு. அந்த மாத்திரையில ஒனக்காவது வயிறு நல்லாச்சா, அதச் சொல்லு."

பாக்கியம் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்கக்கா? ஒரு கெழமை நல்லா இருந்துச்சு. இப்பவும் எரியத்தான் செய்யிது."

உன் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லிய குரலில், "அப்ப ரெண்டு பேருக்கும் இல்லாமலா போச்சு?" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாக்கியத்துக்கும் வந்தது. அழுதுகொண்டே சிரித்தார்கள். நான் கதவோரத்தில் நின்றேன். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இதுதான் கதையின் பின்பாதி, தம்பி. சோற்றைப் பாதியாக்கினால் இரண்டு பேருக்கும் அரை வயிறாவது நிறையும். இந்த மருந்தைப் பாதியாக்கினால் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. வலி நிற்பது கிருமி செத்ததற்கு அடையாளம் இல்லை. அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை சீக்கிரமே எரிச்சலை நிறுத்திவிடும். அதனால்தான் உனக்குச் சுகமாக இருக்கிறது. கிருமியைக் கொல்கிற மற்ற இரண்டுக்கும் நாள் வேண்டும். நடுவில் நிறுத்தினால் நோஞ்சான்கள் சாகும், முரடுகள் மிஞ்சும். மிஞ்சியவை அந்த மருந்தைத் தாங்கப் பழகியவை. அடுத்த தடவை அதே மருந்துக்கு அவை மசியாமல் போகலாம். உன் வயிற்றிலும் இப்போது அப்படி இருக்கலாம். ரவியின் நிலை இன்னும் மோசம். அவனுக்கு இருப்பது இதே கிருமிதானா என்று ஒருவரும் பார்க்கவே இல்லை. வேறு ஏதாவது என்றால் உன் மாத்திரை அதைக் கொஞ்ச நாள் மறைத்து வைக்கும், வெள்ளை மருந்து உன் அம்மாவுக்கு மறைத்து வைத்ததுபோல.

நீ வேலை செய்கிற கடையில் லீவு தரமாட்டார்கள் என்று சொல்வாய். கொழும்பில் தமிழன் என்றால் வீதியில் சோதனை, அடையாள அட்டை, விசாரணை என்று சொல்வாய். கல்யாண வேலை கிடக்கிறது, எல்லாம் முடிந்து பார்க்கலாம் என்றும் சொல்வாய். இவை எல்லாம் உண்மைதான். நான் வாதாடப் போவதில்லை. ஆனால் தை மாதம் மணவறையில் நீ உட்காரும்போது உன் பக்கத்தில் அம்மாவின் இடத்தில் பாக்கியம்தான் நிற்கப் போகிறாள். அவள் கண்ணைப் பார்க்கும்போது உன் வயிறு என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் நான் நிற்க விரும்பவில்லை. நேற்றுத்தான் அவளிடம் பேசினேன். கேகாலைக்குப் போய் வயிற்றைக் காட்டிவிட்டு வருவோம் என்றேன். "எனக்கு எதுக்குங்க சேர், இனிமே?" என்றாள். உன் பெயரைச் சொன்னேன். நீயும் போகப்போகிறாய் என்றேன். "அப்ப மாப்ள போனா நானும் வாரேன்" என்றாள். உன்னைக் கேட்காமல் உனக்காக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ரவிக்கு வலிக்கிறது என்று உனக்குத் தாங்கவில்லை, அது உன் அம்மாவிடமிருந்து வந்தது. அதைக் கைவிடாதே என்றுதான் சொல்கிறேன். கொடுத்ததைத் திருப்பி வாங்கி, விட்ட இடத்திலிருந்து நீயாகவே குடிக்கத் தொடங்கவும் வேண்டாம். இனி எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை டொக்டர் சொல்லட்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையில் ரவியையும் கூட்டிக்கொண்டு உனக்கு மாத்திரை தந்த டொக்டரிடம் போய், மருந்தைப் பாதியில் நிறுத்திப் பங்கு போட்டுவிட்டோம் என்று உன் வாயால் சொல்.

அப்பா